விமானமா, ரோபோவா? உருமாறும் மாடல் கிட்டைக் கட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான குட்டிப் பாகங்கள், ஒரு கையேடு, ஒரு ஸ்டிக்கர் தாள். எல்லாவற்றையும் வெட்டி, பொருத்தி முடித்தால் கையில் ஒரு போர் விமானம். காலை இழுத்து, மூக்கை மடித்து, இறக்கையை மடக்கினால் அதே விமானம் எழுந்து நிற்கும் ரோபோ.

ஜப்பானிய அனிமே ரோபோ மாடல்களைக் கட்டுவது இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பொழுதுபோக்கு. ஆனால், அதிலேயே 'உருமாறும்' வகைக்குத் தனி மரியாதை உண்டு. கொஞ்சம் பயமும் உண்டு. சாதாரண ரோபோ மாடலைக் கட்டி முடித்தால் வேலை முடிந்தது. உருமாறும் மாடலில் கட்டி முடித்த பிறகுதான் பரீட்சையே ஆரம்பிக்கும். ஆசையாகப் பூசிய பெயின்ட் முதல் மடிப்பிலேயே சுரண்டிப் போகலாம். இடுப்பு மூட்டு 'பட்'டென்று உடையலாம்.

ஏன் அப்படி? வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்? கட்டும்போது எங்கே கவனம் தேவை? பார்ப்போம்.

எல்லாம் எங்கே ஆரம்பித்தது?

1979-ல் ஜப்பான் தொலைக்காட்சியில் வந்த 'மொபைல் சூட் கண்டம்' தொடர், எதிர்பார்த்த வரவேற்பு இல்லாமல் 43 எபிசோடுகளில் முடித்துக்கொள்ளப்பட்டது. ஆனால், 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் அந்த ரோபோவை 300 யென் விலையில், 1/144 அளவில் மாடல் கிட்டாக விற்கத் தொடங்கியதும் கதை மாறியது. மறு ஒளிபரப்புகளும் கைகொடுக்க, ஜப்பான் சிறுவர்கள் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். 'கன்ப்லா' என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதான்: கண்டம் பிளாஸ்டிக் மாடல்.

1/144 என்றால்? கதையில் 18 மீட்டர் உயரமுள்ள ரோபோவை 144-ஆல் வகுத்தால் 12.5 சென்டிமீட்டர். அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கண்டம், ரோபோவாகவே நின்ற ரோபோ. நிஜமாகவே உருமாறும் இயந்திரம் என்ற கனவைப் பெரிதாக்கியது 1982 அக்டோபரில் தொடங்கிய 'சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரஸ் மேக்ராஸ்'. அதில் வந்த விஎஃப்-1 வால்கிரி விமானத்தை வடிவமைத்தவர் ஷோஜி கவாமோரி. அப்போது அவருக்கு வயது 22.

அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் விமானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இறக்கையை விரிக்கவும் பின்னால் சாய்க்கவும் முடிகிற விமானம். வால்கிரியின் சாயல் அப்படியே அதுதான். 'இது ரோபோவாக மாறும்' என்று சொல்லாவிட்டால் ஏதோ நாட்டு விமானப் படையின் விமானம் என்றே நினைத்துவிடலாம். அதுதான் கவாமோரியின் சாமர்த்தியம்.

உருமாற்றம் எப்படி நடக்கிறது?

வால்கிரிக்கு மூன்று நிலைகள். முழு விமானம், 'கெர்வாக்' எனப்படும் நடு நிலை, 'பேட்ராய்ட்' எனப்படும் முழு ரோபோ.

விமானத்தின் அடியில் இரண்டு இன்ஜின் கூடுகள் இருக்கின்றன அல்லவா? அவைதான் ரோபோவின் கால்கள். பின்னால் புகை கக்கும் முனைகள்தான் பாதங்கள். இரண்டு கூடுகளுக்கும் நடுவே, வயிற்றுக்குக் கீழே ஒளிந்திருப்பவை கைகள். கால்களை மட்டும் கீழே மடக்கி, கைகளை வெளியே எடுத்தால் கால் முளைத்த விமானம்போல நிற்கும். அதுதான் கெர்வாக். பறவை முழங்கால் மடக்கி நிற்கிற தோரணை!

இன்னும் ஒரு படி போனால், மூக்குப் பகுதி மடிந்து ரோபோவின் உடலாகும். காக்பிட் கண்ணாடியை ஒரு கவசத் தகடு வந்து மூடிக்கொள்ளும். வால் பகுதி மடிந்து முதுகுப் பையாகும். விமானத்தின் அடியில் லேசர் துப்பாக்கியோடு படுத்திருந்த குமிழ் மேலே எழும். அதுதான் தலை.

கவாமோரி இதைக் காகிதத்தில் மட்டும் வரைந்து விடுபவர் அல்ல. லெகோ கட்டைகளை வைத்து, மடித்துப் பார்த்து, உருமாற்றம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிப்பது அவர் பாணி. அதனால்தான் அவர் வடிவமைப்புகள் பொம்மையாகவும் மாடலாகவும் மாறும்போது ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறது?

அனிமேஷனில் ஒரு வசதி உண்டு. ஓவியர் கொஞ்சம் ஏமாற்றலாம். விமானமாக இருக்கும்போது காலை ஒல்லியாக வரைந்துவிட்டு, ரோபோவாக நிற்கும்போது அதே காலைத் தடிமனாக வரையலாம். ஒரு நொடியில் நடக்கும் மாற்றத்தில் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

பிளாஸ்டிக்கில் அந்த ஏமாற்று வேலை நடக்காது. பாகம் ஒன்றுதான், அது இரண்டு இடத்திலும் அழகாக இருக்க வேண்டும். விமானம் மெலிதாக இருக்க வேண்டுமென்றால் ரோபோவின் நெஞ்சு சப்பையாகிவிடும். ரோபோவுக்கு நல்ல புஜபலம் கொடுத்தால் விமானத்தின் வயிறு தொங்கும். எல்லா மடிப்புக்கும் கீல் வைத்தால் கீல்கள் மெலிந்துபோய் ரோபோ தள்ளாடும்.

ஆக, உருமாறும் கிட்டை வடிவமைப்பவர் முன்னால் எப்போதும் மூன்று ஆசைகள்: விமானம் அழகாக இருக்கணும், ரோபோ அழகாக இருக்கணும், உருமாற்றம் முழுதாக நடக்கணும். நான்காவதாக, உறுதியாகவும் இருக்கணும். நான்கையும் ஒரே கிட்டில் முழுதாகக் கொடுப்பது மிகக் கடினம். ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எந்த நிறுவனம் எதை விட்டுக்கொடுத்தது என்று பார்த்தால், இந்த உலகத்தின் வரலாறே புரிந்துவிடும்.

மூன்று வழிகள்

*முதல் வழி: உருமாற்றத்தையே விட்டுவிடு.* நிஜ விமானங்களின் 1/72 மாடல்களுக்குப் பெயர்பெற்ற ஹசெகாவா நிறுவனம், வால்கிரியைத் தயாரித்தபோது விமானம் தனிக் கிட், ரோபோ தனிக் கிட் என்று பிரித்துவிட்டது. மடிக்க முடியாது. பசை தேவை, பெயின்ட் தேவை. ஆனால், விமானத்தின் கோடுகளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கீலுக்கு இடம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் இல்லையே!

*இரண்டாவது வழி: கழற்றி மாட்டு.* ஜப்பானில் இதை 'சஷிகயே' உருமாற்றம் என்பார்கள். 1985-ல் வந்த 'ஸீட்டா கண்டம்' தொடரின் நாயக ரோபோ, 'வேவ் ரைடர்' என்ற பறக்கும் கலமாக மாறும். அதன் 1/144 ஹை கிரேடு கிட்டில், சில பாகங்களைக் கழற்றிவிட்டு மாற்றுப் பாகங்களை மாட்டித்தான் கலமாக மாற்ற முடியும். 'இதெல்லாம் சீட்டிங்' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால், ரோபோ ஆடாமல் அசையாமல் கம்பீரமாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

*மூன்றாவது வழி: முழு உருமாற்றம்.* 'கன்சென் ஹென்கேய்'. ஒரு பாகத்தைக்கூடக் கழற்றக் கூடாது. மாஸ்டர் கிரேடு, ரியல் கிரேடு ஸீட்டா கிட்களும் பண்டாயின் 1/72 வால்கிரியும் இந்தப் பக்கம். விரலில் பிடிக்கவே சிரமமான கீல்கள், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்லும் தகடுகள், மடிப்பு வரிசையில் ஒரு படி மாறினால் இடிக்கும் மூலைகள். 13 சென்டிமீட்டர் சொச்சத்துக்குள் இவ்வளவையும் அடைத்த ரியல் கிரேடு ஸீட்டாவைப் பற்றி ரசிகர்கள் பரவலாகச் சொல்வது இதுதான்: மலைக்க வைக்கும், ஆனால் மூட்டு தளர்வு.

இந்தப் போராட்டம் கிட்களோடு நிற்கவில்லை. கட்டி முடித்தே விற்கப்படும் பொம்மைகளிலும் யமாடோ நிறுவனம் தன் முதல் 1/60 வால்கிரியில் காலைக் கழற்றி மாட்டச் சொன்னது. பின்னால் வந்த பதிப்பில்தான் கழற்றாமலே மாறும்படி செய்தது.

ஒரு சின்னக் கிளைக்கதை

டகடோகு என்ற நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் 1/55 அளவில் வால்கிரி பொம்மையைத் தயாரித்தது. நிறுவனம் மூடப்பட்டதும் அந்த அச்சு பண்டாய் கைக்குப் போனது. 1985-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அதே பொம்மையைச் சிவப்பு வெள்ளை நிறத்தில் 'ஜெட்ஃபயர்' என்று பெயரிட்டு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் விற்றது. அதே ஆண்டில் மேக்ராஸ் உள்பட மூன்று ஜப்பானியத் தொடர்களை ஒன்றாகத் தைத்து 'ரோபோடெக்' என்ற தொடரும் அங்கே வந்தது. மேக்ராஸை யார் எங்கே விற்கலாம் என்ற உரிமைச் சண்டை பல்லாண்டுகள் இழுத்து, 2021-ல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. ஜப்பானுக்கு வெளியே இருந்த ரசிகர்களுக்கு மேக்ராஸ் கிட்கள் நேரடியாகக் கிடைக்காமல் இருந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, கட்டத் தொடங்கலாம். என்ன தேவை?

இன்றைய பண்டாய் கிட்களில் பெரும்பாலும் பசை தேவையில்லை, அழுத்தினால் பொருந்திவிடும். பிளாஸ்டிக்கே அந்தந்த நிறத்தில் வார்க்கப்பட்டிருக்கும். அதனால் பெயின்ட்டும் கட்டாயமில்லை. அடிப்படைக்கு இவை போதும்:

- பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்ட நல்ல நிப்பர். எலெக்ட்ரிக்கல் கட்டிங் பிளேயர் வேண்டாம். அது வெட்டாது, நசுக்கும்.
- மிச்சம் நிற்கும் பிசிறைச் சீவ ஒரு ஹாபி கத்தி.
- 400, 600, 800, 1000 எண் உப்புத்தாள்கள்.
- ஸ்டிக்கர் ஒட்ட இடுக்கி.
- நல்ல விளக்கு. இது ஆடம்பரம் இல்லை. பாதிப் பாகங்கள் அரிசி மணி அளவுதான்.

வெட்டும்போது இரண்டு வெட்டு விதி. முதல் வெட்டு பாகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. இரண்டாவது வெட்டு ஒட்டினாற்போல். ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளையாகத் தழும்பு விழும்.

உருமாறும் கிட்டுக்கு மட்டுமான ஆறு பாடங்கள்

1. கையேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். உருமாற்ற வரிசை பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். எந்தப் பாகம் எங்கே வழுக்கப் போகிறது, எது எதில் கொக்கிபோல மாட்டப் போகிறது என்று முதலிலேயே தெரிந்தால், கட்டும்போது அந்த இடங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்வீர்கள். வெட்டிய பிசிறு வெளியே தெரியாத இடத்தில் இருந்தால் சாதாரண மாடலில் பரவாயில்லை. இங்கே, உள்ளே மறைந்திருக்கும் சின்னப் பிசிறுதான் மூக்கு முழுதாக மடியாததற்குக் காரணமாக இருக்கும்.

2. பிளாஸ்டிக்கின் ஜாதியைப் பாருங்கள். சட்டத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கும். வெளித்தகடுகள் பெரும்பாலும் பிஎஸ் எனப்படும் பாலிஸ்டைரீன். மூட்டுகள் பல கிட்களில் ஏபிஎஸ். ஏபிஎஸ் உறுதியானது, ஆனால் ஒரு பலவீனம் உண்டு. எனாமல் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர், அழுத்தத்தில் இருக்கும் ஏபிஎஸ்ஸுக்குள் ஊடுருவி விரிசல் விடச் செய்யும். கோடுகளுக்கு மை இறக்குகிறோம் என்று எனாமல் மையை மூட்டுப் பக்கம் ஓடவிட்டு, மறுநாள் பார்த்தால் கால் இரண்டாக இருக்கும். பிரித்து வைத்த நிலையில் மை இறக்குங்கள், இல்லையென்றால் மார்க்கர் பேனா போதும். அண்மைக் காலப் பண்டாய் கிட்களில் ஏபிஎஸ்ஸுக்குப் பதிலாகக் கேபிஎஸ் என்ற மேம்படுத்திய ஸ்டைரீன் வருகிறது. சட்டத்தின் ஓரத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டே பெயின்ட் டப்பாவைத் திறங்கள்.

3. பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை முழுதாக மாற்றிப் பாருங்கள். கட்டியதும் ஒரு தடவை விமானம், ஒரு தடவை ரோபோ. எங்கே உரசுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களை 800 எண் தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு, பிறகு பெயின்ட்டுக்குப் போங்கள்.

4. பெயின்ட்டுக்கும் தடிமன் உண்டு. ப்ரைமர், நிறம், மேல்பூச்சு மூன்றும் சேர்ந்தால் ஒரு தலைமுடியின் தடிமனை நெருங்கிவிடும். உரசும் இரண்டு முகத்திலும் அது இருக்கும். அச்சு வார்க்கும்போது விட்ட இடைவெளியே அவ்வளவுதான் என்றால் என்ன ஆகும்? ஒன்று, மூட்டு இறுகும். அல்லது பெயின்ட் சுரண்டும். அதனால் முளை, குழி, வழுக்கும் முகம் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறையுங்கள். பல அனுபவசாலிகள் உருமாறும் கிட்டுக்கு நிறமே அடிப்பதில்லை. கோடுகளுக்கு மை, டீக்கல், மேலே மெல்லிய மேட் பூச்சு. அதுவே அள்ளும்.

5. இறுகினால் அழுத்தாதீர்கள்; தளர்ந்தால் கவலைப்படாதீர்கள். மூட்டு நகரவில்லை என்றால் பெரும்பாலும் வரிசையில் ஏதோ ஒரு படியை விட்டிருப்பீர்கள். பலம் காட்டினால் முளை முறியும். பின்னால் போய்ப் பாருங்கள். தளர்வு என்றால் தீர்வு எளிது: முளையில் மெல்லிய அடுக்காகச் சூப்பர் குளூ தடவி, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். முளை கொஞ்சம் பருத்துவிடும், பிடிப்பு வந்துவிடும். காயும் முன் மாட்டினால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை.

6. மடிப்புக் கோட்டின் மேல் ஸ்டிக்கர் வேண்டாம். உரசும் ஓரத்தில் ஒட்டியது முதலில் மூலை தூக்கும், அப்புறம் சுருண்டு மடிப்புக்குள் சிக்கும். நீரில் ஊறவைத்து ஒட்டும் டீக்கல் என்றால் மேல்பூச்சு கொடுத்து அடைத்துவிடுங்கள். ஸ்டிக்கர் என்றால் உரசும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று: ஸ்ப்ரேயோ தின்னரோ பயன்படுத்தினால் ஜன்னலைத் திறந்துவைத்து, அதற்கான முகமூடி அணிந்து செய்யுங்கள். படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம். உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்த்தால் தூசி பறக்காது.

எத்தனை முறை மாற்றலாம்?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்: பொம்மை போல அல்ல. கடையில் கட்டி முடித்தே வரும் உருமாறும் பொம்மையில் உலோக அச்சுகள், திருகுகள் இருக்கும். கிட்டில் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசித்தான் பிடிப்பே வருகிறது. ஒவ்வொரு மடிப்பும் அந்தப் பிடிப்பில் ஒரு துளியைத் தேய்க்கிறது.

அதனால்தான் முழு உருமாற்றக் கிட் வைத்திருப்பவர்களில் பலர், ஓரிரு முறை மாற்றிப் பார்த்துவிட்டு, பிடித்த நிலையில் அலமாரியில் நிறுத்திவிடுகிறார்கள். 'அப்புறம் எதுக்கு உருமாறணும்?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால், கட்டியவருக்கு ஒரு விஷயம் தெரியும். அந்த இன்ஜின் கூட்டுக்குள் முழங்கால் எப்படி ஒளிந்திருக்கிறது, மூக்கு மடிய எந்த இரண்டு கீல்கள் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் விரல்களுக்குத் தெரியும். படம் வரைந்தவரின் யோசனையை, படிப்படியாகத் தன் கையால் திரும்பச் செய்துபார்த்த அனுபவம் அது. இந்தப் பொழுதுபோக்கின் சுகம் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

எதை வாங்கலாம்?

நம் ஊரில் இந்தக் கிட்கள் இறக்குமதிச் சரக்குதான். கப்பல் செலவும் வரியும் சேர்ந்து ஜப்பான் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். உடைத்துவிட்டு இன்னொன்று வாங்கலாம் என்ற அளவுக்கு மலிவு இல்லை. அதனால் பெட்டி அட்டையைப் பார்த்து மயங்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: எனக்கு எது முக்கியம்?

- இதுதான் முதல் கிட் என்றால்: உருமாறாத 1/144 ஹை கிரேடு ஒன்றைக் கட்டிக் கை பழக்குங்கள். வெட்டுவதும் தேய்ப்பதும் கைவந்த பிறகு உருமாறும் கிட்டுக்கு வாருங்கள்.
- ரோபோவாக நிறுத்தி, போஸ் கொடுத்து ரசிக்க வேண்டும் என்றால்: கழற்றி மாட்டும் வகை. உறுதி அதிகம், தலைவலி குறைவு.
- விமானம்தான் பிடிக்கும் என்றால்: உருமாறாத, நிலை தனித்தனியான கிட். பசைக்கும் பெயின்ட்டுக்கும் தயாராக இருங்கள்.
- இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் ஆசை என்றால்: முழு உருமாற்றம். 1/144-ஐவிட 1/100 அல்லது 1/72 நல்லது. கீல் பெரிதாக இருக்கும், விரலுக்கு அடங்கும். வால்கிரி 1/72-ல் விமானமாக ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம், ரோபோவாக 17 சென்டிமீட்டர் சொச்சம் உயரம். மேசையில் வைக்க அளவான சைஸ்.
- அடிக்கடி மாற்றி மாற்றி விளையாட வேண்டும் என்றால்: கிட் வேண்டாம். கட்டி முடித்த பொம்மையை வாங்குங்கள்.

பாதி விலைக்குக் கிடைக்கும் நகல் கிட்கள் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ரோபோவில் பாகம் ஒரு மயிரிழை பெரிதாக இருந்தால் சமாளித்துவிடலாம். உருமாறும் கிட்டில் பத்து மடிப்புகள் ஒன்றின் பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை தள்ளிப்போனால் கடைசிக் கொக்கி மாட்டவே மாட்டாது. பணத்தை மிச்சம் பிடிக்க இது சரியான இடம் இல்லை.

வாங்கியாச்சா? அப்படியானால் ஒரே இரவில் முடித்துவிட வேண்டும் என்று உட்காராதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இடது கால் பாகத்தை வலது காலில் அழுத்தி மாட்டுவதும், அதைப் பிரிக்கப் போய் முளை உடைவதும் இந்த உலகத்தில் மிகச் சாதாரணம். இன்றைக்குத் தலை, நாளைக்குக் கை, வார இறுதியில் கால். கடைசியாக மூக்கை மடித்து, அந்தக் கொக்கி 'க்ளிக்' என்று மாட்டும் சத்தம் கேட்கும் வரை அவசரமே வேண்டாம்.